ஊருக்கே ஜாமீன்

நான் பட்டம் வாங்கிய வருடம், ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், எங்கள் பக்கம் மூளைக் காய்ச்சல் வந்தது. குஜிலியம்பாறை போகிற சாலையில் உள்ள ஓர் ஊரிலிருந்து இரண்டு பிள்ளைகளை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்று பிழைத்து வந்தது. மற்றதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சாயங்காலமானால் பிள்ளை இருக்கிற வீட்டு வாசலிலெல்லாம் வேப்பிலைப் புகை கிளம்பும். அவ்வளவுதான் அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

பிறகு ஒரு புதுத் தடுப்பூசி வரப்போகிறது என்றார்கள். ஒரு மருந்துக்கு வழக்கமாக நடக்கிற சோதனைகள் முழுதாக முடியும் முன்பே, ஆபத்தை உத்தேசித்து அவசர அனுமதி கொடுத்த மருந்து அது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். படிவத்தைப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க ஊருக்கு ஒரு படித்த ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் அப்போது கையில் வேலையில்லாமல், வாயில் மட்டும் பி.எஸ்சி. வைத்துக்கொண்டு இருந்தவன் நான் ஒருவன்தான்.

"சும்மாதான இருக்க, போய்ட்டு வா" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரி வேலைன்னா பேண்டு போட்டுப் போகணும், கைலியோட போயிராத."

திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு அரை நாள் பயிற்சி. ஊசித் திட்டத்தை நடத்திய அமைப்பின் மேற்பார்வையாளர் பேசினார். முழுக்கைச் சட்டையை மடிக்காமல் போட்டிருந்த, அவசரம் அவசரமாகப் பேசுகிற மனிதர். "ஒரு வீட்டுக்கு அஞ்சு நிமிஷம். படிச்சுக் காட்டுங்க. கையெழுத்து, இல்லேன்னா கைரேகை. கீழ சாட்சின்னு ஒரு கோடு இருக்கும், அதுல நீங்க போடுங்க. அம்புட்டுத்தான்."

எனக்கு ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் ஆனது. படித்துக் காட்டு என்றால் ஒரு சொல் விடாமல் படித்துக் காட்ட வேண்டும் என்று நம்புகிறவன் நான். படிவம் இரண்டு பக்கம். அது தமிழில்தான் இருந்தது, ஆனால் யார் வாயிலும் புழங்காத தமிழ். "பாதக விளைவுகள் ஏற்படக்கூடும் என்பதை நான் நன்கு அறிவேன்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் மேற்குத் தெருவில் ஒரு அம்மா கையை உதறிக்கொண்டு கேட்டார்: "பாதகமா? ஊசியில என்னப்பு பாவம் இருக்கு?"

"பாவம் இல்ல அத்தை. கெடுதல்னு அர்த்தம்."

"கெடுதல்னு தெரிஞ்சே போடுறாகளா?"

"வந்தாலும் வரலாம்னு சொல்றாங்க. வரும்னு சொல்லல."

"நீ படிச்சிருக்கேல்ல, உனக்குத் தெரியாமயா? எங்க வைக்கணும் பெருவிரலு, இங்கனயா?"

எல்லா வீட்டிலும் இப்படித்தான். நான் முதல் பக்கம் முடிப்பதற்குள் பெருவிரல் மைப்பெட்டியில் இருக்கும். ஆட்டுக்கு ஊசி போட வருகிற கால்நடை ஆஸ்பத்திரிக்காரர் என்றைக்காவது ஆட்டிடம் இப்படிப் படித்துக் காட்டியிருக்கிறாரா என்று ஒருவர் என்னிடமே கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் அறுபத்துச் சொச்சம் படிவம் முடிந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து. கல்லூரியில் நான் பழகி வைத்திருந்த, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் இரண்டு புள்ளி வைக்கிற கையெழுத்து. அதை ஓர் அரசாங்கக் காரியத்தில் போடுவதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் படிவங்களில் ஒன்று என் அக்கா மகளுடையது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பக்கத்துத் தெருவிலேயே கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் அந்தச் சின்னக்குட்டி. அப்போது நாலு வயது. என்னை மாமா என்று கூப்பிடாமல், எல்லோரும் கேலியாகச் சொல்வதைக் கேட்டுக்கேட்டு, "பீயெச்சி" என்று கூப்பிடுவாள். அக்கா பள்ளிக்கூடம் போனதே இல்லை. எங்கள் வீட்டு ஆடுகளை அவள் பார்த்துக்கொண்டதால்தான் நான் போனேன். இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் பரீட்சைக்குப் படிக்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "பஸ் கண்டக்டர் மாதிரி ஓட்டாத, நிறுத்திப் படி, எனக்கும் கேக்கட்டும்" என்பாள்.

ஆனால் இந்தப் படிவத்தை அவளும் கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "நீ இருக்கேல்ல, அப்பறம் என்ன" என்று சொல்லி ரேகை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

மூன்றாம் நாள் காலையில் டீக்கடையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மேற்குத் தெரு அம்மாவின் வீட்டுக்காரர் என் தோளில் தட்டி, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பரவால்லப்பு! ஊருக்கே ஜாமீன் நின்னுட்டயே! உங்கப்பன் ஒரு ஆளுக்கு நின்னே நாறிப் போனான், நீ அறுபது புள்ளைக்கு நிக்கிற" என்றார்.

"ஜாமீனா? நான் சாட்சிதான போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். கீழ கையெழுத்துப் போடுறவன் பேருதான் ஜாமீன்."

இதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்தில், அய்யலூர் ஆட்டுச் சந்தையில் எங்கள் பங்காளி ஒருவர் தரகரோடு கைகலப்பாகி, போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பாதான் போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தார். பேரை எழுதத் தெரியாத அப்பா, ரேகை வைத்ததைத்தான் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். பங்காளி மறுநாளே கேரளாவுக்கு ஓடிவிட்டார். அப்புறம் ஒன்றரை மாதம் அப்பா தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். போலீஸ்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், மேசை துடைத்தார். ஆள் வரவில்லை என்றால் கையெழுத்துப் போட்டவன் வர வேண்டும்: எங்கள் ஊர் சட்டம் படித்தது அப்பாவின் அந்த ஒன்றரை மாதத்தில்தான்.

ஆக, ஊர் என்னுடைய படிவத்தையும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இந்தப் பையனைப் பிடித்துக்கொள்ளலாம். படித்தவன், நம்ம ஊர்க்காரன், ஓடிப்போக மாட்டான். அறுபது பெருவிரலும் மருந்தை நம்பி விழவில்லை, என்னுடைய நீட்டிய வாலையும் இரண்டு புள்ளியையும் நம்பி விழுந்திருந்தன.

டீயை அப்படியே வைத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சின்னக்குட்டி வாசலில் தக்காளிப் பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் தாள்ல நான் போட்டது ஜாமீன் இல்ல. நீ சம்மதம் குடுத்ததைப் பாத்தேன்னு மட்டும்தான் அர்த்தம். ஏதாச்சும்னா நான் பொறுப்பில்ல."

அக்காவின் கை நின்றது. "சரி. நீ இல்ல. அப்ப யாரு?"

பையிலிருந்து படிவத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். இந்த முறை நிறுத்தி, அவளுக்குக் கேட்கிற மாதிரி. "மேற்படி விளைவுகளுக்குத் தயாரிப்பாளரோ, வழங்குபவரோ, செலுத்துபவரோ பொறுப்பாக மாட்டார்கள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்."

"திருப்பிப் படி."

படித்தேன்.

"ஏலே, அவங்க பொறுப்பில்லாதவங்கன்னு அவங்களே எழுதியிருக்காக. பொறுப்பில்லாதவன் கையில பச்சப்புள்ளையக் குடுக்கச் சொல்லி நீ வந்து ரேகை வாங்கிட்டுப் போயிருக்க?"

"அது அந்தப் பொறுப்பு இல்லக்கா. இது கோர்ட்டுப் பொறுப்பு. கேஸ் போட முடியாதுங்கற அர்த்தத்துல."

"எந்தப் பொறுப்பா இருந்தா என்ன? மாடு மேய்க்கப் போறவன்கூட, 'நான் பாத்துக்கறேன்'னு சொல்லித்தான் அவுத்துக்கிட்டுப் போறான். எம்புள்ள பேரு இருக்கற தாளை எடு."

எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்து ரேஷன் கார்டு இருந்த பைக்குள் வைத்துக்கொண்டாள். கிழிக்கவில்லை. மதியத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. நானும் விடாமல் ஒவ்வொரு வீடாகப் போய், நான் ஜாமீன் இல்லை என்று சொல்லி, இரண்டாம் பக்கத்தை நிதானமாகப் படித்துக் காட்டினேன். முதல் முறையாக எல்லோரும் கடைசி வரை கேட்டார்கள். கேட்டு முடித்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மாலையில் என் பையில் ஏழு படிவம் மிச்சம் இருந்தது. ஒரு நாள் விட்டு ஊசி முகாம்.

பஞ்சாயத்து ஆபீஸ் போனில் மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். "உங்களை யாரு அம்புட்டு விளக்கச் சொன்னது? காய்ச்சல் வந்து ஒரு புள்ள போச்சுன்னா அதுக்கு யாரு தம்பி பொறுப்பு?"

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. நான் செய்தது சரிதான் என்று ஒரு பக்கம் தோன்றியது. சின்னக்குட்டி தக்காளிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது மறுபக்கம் கண்ணில் நின்றது. காய்ச்சல் நிஜம். ஊசி போடாமல் அவளுக்கு அது வந்தால், அக்காவைத் தடுத்தது நான். போட்டு ஏதாவது ஆனால், கூட்டிக்கொண்டு போனதும் நான். எந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு நான் ஜாமீன்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது.

மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா புதிதாக வந்திருந்தார். பழனிப் பக்கம், நெய்க்காரப்பட்டிக்காரர். வாய் திறந்தால் 'ங்க' போடாமல் பேச வராது. எங்கள் ஊர் ஆட்களுக்கு அதில் ஒரு கூச்சமும் சந்தோஷமும் உண்டு. என் கதையைக் கேட்டுவிட்டு, படிவத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தைப் படித்தார். அவர் அதுவரை அதை முழுதாகப் படித்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏனுங்க, இதையா படிச்சுக் காட்டுனீங்க?"

"ஆமாங்க டாக்டர்."

"நானா இருந்தாலும் எம்புள்ளையக் குடுத்திருக்க மாட்டனுங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சாயங்காலம் வாரனுங்க. ஆளுகளைக் கூட்டி வைங்க" என்றார்.

சத்துணவுக் கூடத்தில் கூடினோம். பெண்கள்தான் அதிகம், இடுப்பில் பிள்ளைகளோடு. டாக்டரம்மா நாற்காலியில் உட்காராமல், அரிசி மூட்டை மேல் சாய்ந்துகொண்டு பேசினார். காய்ச்சல் எப்படி வருகிறது, வந்தால் என்ன ஆகும், ஊசி எதைத் தடுக்கும் என்றெல்லாம் சொன்னார். அக்கா எழுந்தாள்.

"அதெல்லாம் சரித்தாயி. ஊசி போட்டு எம்புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"பெரும்பாலும் ஒரு நாள் காய்ச்சல், கை வீக்கம், அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல அபூர்வமா ஏதாச்சும் வரலாங்க. எத்தனை பேர்ல ஒருத்தருக்குன்னு கேட்டீங்கன்னா, புது மருந்துங்க, எனக்கும் தெரியாதுங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு. டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"கம்பெனிக்காரன் மேல கேஸ் போட முடியாதாமே?" என்றார் டீக்கடையில் என் தோளைத் தட்டியவர்.

"ஆமாங்க. அவசரத்துல குடுக்கச் சொன்னா, அந்தக் கண்டிஷன்லதான் குடுப்பேங்கறாங்க. எனக்கும் அது புடிக்கலைங்க."

"அப்ப கவர்மெண்டு?"

"பாக்கணுமுங்க. ஆனா எப்படிப் பாக்கும்னு இந்தத் தாள்ல எழுதலை. எழுதியிருக்கணும்."

அக்கா ரேஷன் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்து நீட்டினாள். "அப்ப நீங்க எழுதுங்க தாயி. புள்ளைக்கு முடியாமப் போனா நான் பாக்கறேன்னு இதுல எழுதி, உங்க பேரைப் போடுங்க. எந்தம்பி பேரு எனக்கு வேணாம். அவனுக்கு ஊசி புடிக்கவே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதுல எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க, இது அவங்க தாள்" என்று சொல்லிக்கொண்டே பையைத் துழாவினார். ஆஸ்பத்திரியில் புற நோயாளிகளுக்குக் கொடுக்கிற சீட்டுக் கட்டு ஒன்று இருந்தது. "என் தாள்ல எழுதறனுங்க." ஒரு சீட்டில் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதினார். அடியில், 'தடுப்பூசிக்குப் பின் உடல்நலம் குன்றினால் எந்நேரமும் அழைத்து வரவும். நான் பார்க்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை என்னிடம் நீட்டினாள். படித்தேன். "நிறுத்திப் படி" என்றாள். நிறுத்திப் படித்தேன்.

"பொறுப்பில்லைன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லக்கா."

அப்புறம் ஆளாளுக்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். கட்டுத் தீரும் வரை டாக்டரம்மா எழுதினார். சீட்டை வாங்கிக்கொண்டு, படிவத்தை என் பையில் திரும்பப் போட்டார்கள். நடுவில் கையை உதறி உதறி விட்டுக்கொண்டார். யாரோ ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று வீட்டார் மட்டும் சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகும் ஊசி வேண்டாம் என்று போய்விட்டார்கள். அவர்களை அவர் தடுக்கவில்லை. என்னிடம், "அவங்க பேரைத் தனியா எழுதி வைங்க, காய்ச்சல் வந்தா முதல்ல அவங்க வீட்டைப் பாக்கணும்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். சின்னக்குட்டி என் சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு அழுதாள். அதற்கு மறுநாள் மதியம் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. கண்ணைத் திறக்காமல் முனகினாள். மச்சான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டு டி.வி.எஸ். வண்டியை வாங்கி, அக்காவைப் பின்னால் உட்கார வைத்து, மழைத் தூறலில் ஓட்டினேன். வழியெல்லாம் என் முதுகில் சின்னக்குட்டியின் நெற்றி பட்டுக்கொண்டே வந்தது. சட்டைக்கு மேலாகவே சுட்டது. நான் பி.எஸ்சி. படித்த மூன்று வருடத்தில் படித்த எதுவும் அந்தச் சூட்டுக்கு என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா சீட்டை நீட்டவே தேவையிருக்கவில்லை. டாக்டரம்மா வாசலிலேயே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார். ஈரத்துணி, மருந்து, ஒரு மணிக்கொரு தடவை வந்து கையைத் தொட்டுப் பார்ப்பது. மூன்றாம் நாள் காலையில் சின்னக்குட்டி கண்ணைத் திறந்து, "பீயெச்சி, பன்னு" என்றாள். நான் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிப்போய் வாங்கி வந்தேன். திரும்பி வரும்போது அக்கா முதல் முறையாக அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மெதுவா வந்தா என்ன, விழுந்து கிழுந்து வச்சா உன்னை வேற யாரு பாக்கறது" என்று திட்டினாள்.

கிளம்பப் போகும் நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். ஊசிக்குப் பிறகு யாருக்கு என்ன ஆனது என்று எழுதுகிற நோட்டு ஒன்று இருந்தது. அதை நான்தான் எழுத வேண்டும். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மழையில நனைஞ்ச காய்ச்சல்னு எழுதிருங்க தம்பி. ஊசியாலன்னு எழுதினா மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும்."

"காய்ச்சல் வந்த பெறகுதான சார் மழையில வந்தோம்."

"ஊசியாலதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "என்ன ரகசியம்?" என்றாள். சொன்னேன்.

"டாக்டரம்மாவைக் கூப்பிடு" என்றாள். மேற்பார்வையாளரைப் பார்த்து, "கேள்வி வரட்டும் சார். நாங்களும் கேட்டுட்டுத்தான வந்தோம்" என்றாள்.

டாக்டரம்மா வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். ஊசி போட்ட நாள், காய்ச்சல் தொடங்கிய நேரம், எத்தனை நாள் இருந்தது, எல்லாவற்றையும் நான் எழுதியிருந்தேன். 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலி. "தெரியவில்லைன்னு எழுதுங்க" என்றார். "மழைன்னும் வேண்டாம், ஊசின்னும் வேண்டாம். ஆனா எழுதாம விட வேண்டாமுங்க. நாலு ஊர்ல இதே மாதிரி எழுதியிருந்தா, அப்ப யாராச்சும் கண்டுபிடிப்பாங்க."

மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேனாவை அவரே மூடி திறந்து கொடுத்தார்.

எழுதினேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எது அந்த வார்த்தை?"

விரல் வைத்துக் காட்டினேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக எண்ணினாள்.

"ஆறு எழுத்துத்தானா? இதை எழுதவா அந்த ஆளு அம்புட்டு நேரம் யோசிச்சாரு?"